காப்பி என்னும் சொல்: வளம் நகலான கதை

தமிழில் 'காப்பி' என்று எழுதினால் இரண்டு பொருள். ஒன்று குடிப்பது, மற்றது தேர்வறையில் அடிப்பது. முன்னது அரபு நாட்டில் பிறந்து துருக்கி வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் நம் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. இக்கட்டுரை பின்னதைப் பற்றியது. ஒரு கவிதையையோ திரைப்படத்தையோ ஆய்வேட்டையோ 'காப்பி' என்று சொல்லிவிட்டால் அதன் மதிப்பு அத்துடன் முடிந்தது. ஆனால் இச்சொல் பிறந்தபோது அதில் இழிவு ஏதும் இல்லை. அது செல்வத்தைக் குறித்தது. செல்வத்தைக் குறித்த சொல் எவ்வாறு போலியைக் குறிக்கலாயிற்று என்பதைத் தொடர்ந்து சென்று பார்த்தால், மூலம் உயர்ந்தது, படி தாழ்ந்தது என்று நாம் வகுத்து வைத்திருக்கும் வரிசை அத்தனை தொன்மையானது அன்று என்பது புலப்படும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'கோப்பியா'. 'ஓப்ஸ்' என்றால் செல்வம், ஆற்றல், உதவி. ரோமானியர்க்கு அப்பெயரில் விளைச்சலுக்குரிய ஒரு பெண்தெய்வமும் உண்டு. அச்சொல்லோடு 'உடன்' என்னும் பொருள்தரும் முன்னொட்டு சேர்ந்து 'கோப்பியா' ஆயிற்று. நிறைவு, வளம், மிகுதி என்பன அதன் பொருள்கள். பன்மையில் வந்தால் படைகளைக் குறிக்கும். போர்க்குறிப்புகள் எழுதிய சீசரிடம் அச்சொல் அப்பொருளில் பலமுறை வரும். பழங்களும் மலர்களும் வழிந்தோடும் கொம்பைப் பழைய ஐரோப்பிய ஓவியங்களில் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் 'கார்னுகோப்பியா', அதாவது வளத்தின் கொம்பு.

வளத்துக்கும் படியெடுத்தலுக்கும் என்ன உறவு? இலத்தீனில் 'கோப்பியா' என்பதற்கு வாய்ப்பு, அனுமதி என்னும் கிளைப்பொருளும் இருந்தது. ஓர் ஆவணத்தைப் 'படிக்கக் கோப்பியா தருதல்', 'பெயர்த்தெழுதக் கோப்பியா தருதல்' என்பன வழக்கில் இருந்த தொடர்கள். ஏடு ஒருவரிடம் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ள இன்னொருவருக்கு இசைவு வேண்டும். அந்த இசைவே கோப்பியா. இடைக்கால இலத்தீனில் இத்தொடர் சுருங்கி, இசைவு பெற்று எழுதிக்கொண்ட ஏட்டுக்கே அப்பெயர் நிலைத்தது. பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் இதுதான். ஆகவே இதன் அடியில் இருப்பது போலச்செய்தல் அன்று, அனுமதி.

அந்த அனுமதிக்கு எத்தகைய வலிமை இருந்தது என்பதை இங்கிலாந்தின் நிலவுடைமை வரலாறு காட்டும். அங்கே பண்ணையடிமை முறையில் உழுதவர்களின் நிலம் பண்ணைப் பிரபுவின் விருப்பத்தைப் பொறுத்தே அவர்களிடம் இருந்தது. யாருக்கு எந்த நிலம் என்பது பண்ணை நீதிமன்றச் சுருளில் பதிவாகும். சுருள் பிரபுவின் பொறுப்பில் இருக்கும். குடியானவன் கையில் இருப்பது அப்பதிவின் படி மட்டுமே. அவ்வாறு படியைக் கொண்டு அனுபவித்த நிலத்துக்குக் 'காப்பிஹோல்டு' என்று பெயர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அரச நீதிமன்றங்கள் இவ்வுரிமையைப் படிப்படியாக ஏற்கத் தொடங்கின. பிரபு வெளியேறச் சொன்னால் குடியானவன் நீட்டிக் காட்டுவதற்கு ஒரு தாள் இருந்தது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1926 சனவரி முதல் நாள்தான் இம்முறை ஒழிந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சிட்டா நகலுக்காகக் காத்துநின்ற எவருக்கும் இதன் அருமை விளங்கும். மூலம் ஆள்வோரிடம் இருக்கும்போது படிதான் எளியவனின் பலம்.

அச்சு வந்தபோது இச்சொல் இன்னொரு திருப்பம் கொண்டது. வில்லியம் காக்ஸ்டன் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலை 1476ஐ ஒட்டி அச்சிட்டார். 1483இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். முதற்பதிப்பைப் படித்த ஒருவர் வந்து, இது சாசர் எழுதியவாறு இல்லை என்று குறை கூறினாராம். தம்மிடம் இருந்த 'காப்பி'யின்படியே அச்சிட்டதாகவும், கூட்டவோ குறைக்கவோ இல்லை என்றும் காக்ஸ்டன் விடையளித்தார். வந்தவர் தம் தந்தையிடம் நல்ல ஏடு இருப்பதாகக் கூறி, அதைப் பெற்றுத்தர முன்வந்தார். இரண்டாம் பதிப்பு அதைக்கொண்டு திருத்தப்பட்டது. சுவடி பதிப்பித்தோர் வரலாறு படித்த நமக்கு இது நன்கு பழகிய காட்சி. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: காக்ஸ்டன் 'காப்பி' என்றது அச்சில் வந்த நூலை அன்று, அதற்கு மூலமாக எதிரே வைத்துக்கொண்ட ஏட்டை. எழுத்துப் பயிற்சி ஏட்டில் ஆசிரியர் எழுதித்தரும் மேல்வரிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். மாணவன் பார்த்து எழுதுவது அதை. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி, மூலத்திலிருந்து எழுதியது என்றும், மூலமே என்றும் இச்சொல்லுக்கு இரு பொருளையும் தருகிறது. ஒரே சொல் தாயையும் மகளையும் குறித்து நின்றது.

இதற்கிடையில் பழைய வளப்பொருளும் முற்றும் மறைந்துவிடவில்லை. எராஸ்மஸ் 1512இல் வெளியிட்ட சொல்வளம் பற்றிய இலத்தீன் பாடநூலின் பெயரில் இருப்பது அதே 'கோப்பியா'. கடிதம் கண்டு மகிழ்ந்ததைச் சொல்லும் ஒரே வாக்கியத்தை நூற்றுக்கு மேற்பட்ட விதங்களில் எழுதிக் காட்டும் நூல் அது. இலண்டனில் ஜான் காலெட் நிறுவிய புனித பால் பள்ளிக்காக அதனை எழுதினார். அக்கால ஆங்கிலப் புலவர்க்குக் 'காப்பி' உடையவன் என்றால் சொல்லுக்குப் பஞ்சமில்லாதவன் என்று பொருள்.

அச்சுத்தொழில் வணிகமானதும் 'காப்பி' சொத்தாயிற்று. 1557இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் உறுப்பினர் ஒருவர், ஒரு நூலின் பெயரைக் கழகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் அதன் 'காப்பி' அவருடையது. வேறெவரும் அதை அச்சிட இயலாது. அதை விற்கலாம், வாரிசுக்கு எழுதிவைக்கலாம், பங்கு பிரிக்கலாம். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623 நவம்பரில் பதினாறு நாடகங்கள் இவ்வாறு பதிவாயின. இம்முறையில் நூலாசிரியனுக்கு இடம் இல்லை. 1710ஆம் ஆண்டு ஆன் அரசியின் சட்டம்தான் முதன்முறையாக ஆசிரியனை உரிமையாளனாகக் கொண்டது. புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆசிரியன் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டு. 'காப்பிரைட்' என்னும் கூட்டுச்சொல் இந்நூற்றாண்டில் நிலைபெற்றது. தமிழில் பதிப்புரிமை என்கிறோம். பலர் 'காப்புரிமை' என எழுதுவது ஒலி மயக்கம். அது பேடண்டைக் குறிக்கும் சொல்; அதில் உள்ள காப்பு வேறு, இந்தக் காப்பி வேறு.

இதே நூற்றாண்டில்தான் இகழ்ச்சியும் தடித்தது. தாழ்ந்த போலி என்னும் பொருள் அதற்குமுன் இல்லாமல் இல்லை. ஆனால் ஜான்சனின் அகராதி வந்து நான்கே ஆண்டில், 1759இல், எட்வர்ட் யங் சுயமான படைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மேதைமையின் வேரிலிருந்து தானே வளரும் செடி போன்றது அசல். போலச்செய்ததோ தொழிற்சாலைச் சரக்கு என்பது அவர் வாதம். ஐரோப்பிய ரொமாண்டிக் இயக்கம் இக்கருத்தைக் கொண்டாடியது. சட்டத்தில் விலை ஏற ஏற, இலக்கியத்தில் இச்சொல்லின் மானம் இறங்கியது. பிறகு வந்த பொறிகள் எஞ்சியிருந்த மதிப்பையும் கரைத்தன. ஜேம்ஸ் வாட்டின் படியெடுக்கும் அழுத்துபொறி (1780), ரால்ஃப் வெட்ஜ்வுட்டின் கார்பன் தாள் (1806), செஸ்டர் கார்ல்சன் 1938இல் கண்ட உலர் படிமுறை என்று வரிசையாக வந்தன. கிரேக்கத்தில் உலர்ந்தது எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பெயர்பெற்ற அந்தக் கடைசிக் கண்டுபிடிப்பைத்தான் நாம் தெருவுக்குத் தெரு 'செராக்ஸ்' என்கிறோம். படியெடுக்க உழைப்பே தேவையில்லை என்றானபின் படிக்கு மரியாதை எங்கிருந்து வரும்?

எனினும் வேர்ப்பொருள் ஒருமுறை தலைகாட்டியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட பொது உரிமம், மென்பொருளை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், பிறர்க்கும் தரலாம். ஆனால் அதே இசைவை அவர்களுக்கும் அளிக்க வேண்டும் என்றது. இதற்குக் 'காப்பிலெஃப்ட்' என்று பெயர். படியெடுக்க அளிக்கும் இசைவு என்ற இடைக்காலப் பொருள் கணிப்பொறி உலகில் மறுபடி உயிர்பெற்றது.

நம் சொற்களும் இத்தகைய பயணம் செய்தவையே. அசலும் நகலும் இரண்டும் அரபுச் சொற்கள். அசல் என்றால் வேர். நகல் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல். வடமொழி வழிவந்த 'பிரதி', ஒன்றற்கு எதிராகவோ ஈடாகவோ நிற்பதைக் குறிப்பது. ஆனால் நம் சிற்றிதழ்களின் கோட்பாட்டு விவாதங்களில் அது எழுத்தாக்கத்தையே குறிக்கும் சொல்லாயிற்று. 'பிரதிக்கு வெளியே', 'பிரதியின் இடைவெளி' என்றெல்லாம் எழுதும்போது நாம் படியைச் சொல்வதில்லை. காக்ஸ்டன் மொழியில் நேர்ந்தது போலவே இங்கும் படி மூலத்தின் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டது.

அதில் ஒரு நியாயமும் உண்டு. சங்கப் புலவர் எவர் கையால் எழுதிய ஓலையும் நம்மிடம் இல்லை. ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகள். செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்தெழுதினார்; அதையும் இன்னொருவர் பெயர்த்தெழுதினார். ஏட்டின் இறுதியில் சிலர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்டார்கள். நாம் பாடம் சொல்லும் எட்டுத்தொகை முழுவதும் இவ்வாறு படியின் படியாக வந்ததுதான். படியெடுப்பது இழிவென்று அவர்கள் கருதியிருந்தால் நமக்கு இன்று மூலம் என்று சொல்லவே ஒன்றும் இராது.

பிறர் எழுத்தைத் தன் பெயரில் வெளியிடுவது குற்றமே. அதற்கு ஆங்கிலத்தில் 'பிளேஜியரிசம்' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆட்கடத்துபவனைக் குறித்த இலத்தீன் சொல்லைக் கவித்திருடனுக்குச் சூட்டியவர் முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல். நமக்கும் இலக்கியத் திருட்டு என்னும் நேரான சொல் உண்டு. மாணவரைக் கண்டிக்கும்போதும் நூலுக்கு மதிப்புரை எழுதும்போதும் அந்தச் சொல்லையே ஆள்வோம். 'காப்பி' என்று சொல்லி நிறுத்திவிட்டால் ஏடு பெயர்த்தவனும் திருடியவனும் ஒரே கூண்டில் நிற்க நேரிடும்.