கல்லில் பெயர் இல்லாத பட்டாளத்தார்

பதுளைப் பட்டணத்துப் புனித மாற்கு ஆலயத்தைச் சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். உள்ளே சென்று நினைவுக்கல்லைப் பார்த்தது நரை கண்ட பிறகுதான். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் ஞாபகார்த்தமாக எழுந்து, 1857இல் திறக்கப்பட்ட ஆலயம் அது.

ரொஜர்ஸ் இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்தவர். பதுளையில் உதவி அரசாங்க அதிபர். ஊவாவில் தெருக்கள் போட்டவர். ஆனால் அவரது பெயர் நிலைத்தது துப்பாக்கியால்தான். 1400க்கு மேற்பட்ட யானைகளை அவர் சுட்டார் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தமது நூலில் எழுதுகிறார். 1845 ஜூன் மாதத்தில் அப்புத்தளை வாடிவீட்டு விறாந்தையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் பின்னர் மின்னல் பிளந்தது. யானைகளின் சாபம் என்பார்கள் ஊரார். மவுத்தான மனிதனின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. நமக்கேன் அந்தப் பேச்சு?

நான் சொல்ல வந்தது வேறு. அந்த ரைபிள் படை யாருடைய படை? அதிகாரிகள் வெள்ளையர். சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அண்டைத் தீவுகளிலிருந்தும் போர்வீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். நம்மவர் ‘ஜாவா மனுசர்’ என்று அழைத்தது இவர்களைத்தான். இவர்களை வெறுமனே புகழ்ந்துவிடவும் முடியாது. 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஒடுக்கி, வயலையும் வீட்டையும் அழித்த பிரிட்டிஷ் சேனையில் மலாய்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

ஆயினும் இந்தப் பட்டாளத்தார் குடும்பஸ்தர்கள். முகாமிலேயே மனைவி மக்களோடு வாழ்ந்தார்கள். சிப்பாயின் மகனும் சிப்பாயானான். அறபு எழுத்தில் மலாய் மொழியை எழுதினார்கள்; ‘குண்டுல்’ என்பது அவ்வெழுத்துக்கு அவர்கள் வைத்த பெயர். ஹிகாயத்துகளையும் ஷாயிர் பாடல்களையும் இரவல் வாங்கிப் பிரதி பண்ணினார்கள். நம் அறபுத்தமிழுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொன்னால் தகும். அவர்கள் வீட்டில் பேசிய மலாயின் இலக்கணத்திலும் தமிழின் சாயல் படிந்திருக்கிறது. பேராசிரியர் பி. ஏ. ஹுஸைன்மியா இவற்றையெல்லாம் தேடி எழுதியிராவிட்டால் நமக்கு இவ்வளவும் தெரிந்திராது.

1873இல் படை கலைக்கப்பட்டது. பலர் பொலிஸில் சேர்ந்தார்கள். சிலர் தோட்டங்களுக்குப் போனார்கள். சீருடை மாறியது, அரச ஊழியம் மாறவில்லை. அவர்களுக்கு ஆலயமுமில்லை, கல்லுமில்லை. மையவாடியில் நட்ட மீஸான் கட்டையை ஊவாவின் மழை எத்தனை காலம் விட்டுவைக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பழைய கையெழுத்துக் கிதாபு ஒன்று இருந்தது. உம்மும்மா காலத்திலிருந்து றெங்குப் பெட்டியில் கிடந்தது. அறபு எழுத்து, ஓதிப் பார்த்தால் குர்ஆன் இல்லை. வாசிக்க எவருக்கும் தெரியவில்லை. குப்பையில் போட மனமில்லாமல், அதபாக வெள்ளைத் துணியில் சுற்றிப் பதுளு ஓயாவில் விட்டுவிட்டார்கள். நான் அறிந்தபோது ஒரு மாதம் கடந்திருந்தது.

கடைசி ஏடுகளில் கதையாக இல்லாமல் சின்னச் சின்ன வரிகள் இருந்தன என்றார் அந்த வீட்டுப் பெரியவர். ஒவ்வொரு வரியிலும் ஹிஜ்ரி ஆண்டு போட்டிருந்ததாம். மலாய்க் குடும்பங்கள் பிள்ளை பிறந்த நாளையும் மவுத்தான நாளையும் கிதாபின் வெற்றேடுகளில்தான் குறித்து வைப்பார்கள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.