டீசல் காரும் மைலேஜ் கணக்கும்

இந்தியாவில் டீசல் காரின் மைலேஜுக்கு இரண்டு கணக்குகள் இருந்தன. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ஒன்று. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பது மற்றொன்று. முதல் கணக்கை இன்ஜினும் சாலையும் ஓட்டுநரின் வலது காலும் தீர்மானித்தன. இரண்டாவதைப் பெரும்பகுதி தீர்மானித்தது மத்திய அரசின் எரிபொருள் விலைக் கொள்கை. 1970களின் இறுதியில் டாக்ஸியாகத் தொடங்கிய இந்திய டீசல் கார் நடுத்தரக் குடும்பத்து வாசலுக்கு வந்ததும், பிறகு அங்கிருந்து மறையத் தொடங்கியதும் இந்த இரண்டாம் கணக்கின் ஏற்ற இறக்கத்தால்தான். முதல் கணக்கு அந்தக் காலம் முழுக்கப் பெரும்பாலும் டீசலுக்குச் சாதகமாகவே இருந்தது.

ரூடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அன்றைய சாதாரண நீராவி இன்ஜின்களுக்கு எட்டாத அளவு அது. காரணம் எளிது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது; காற்றை மிகக் கடுமையாக அழுத்திச் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சுகிறார்கள். அழுத்த விகிதம் கூடக் கூட, வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் கூடுகிறது. இன்னொரு காரணம் அன்றாட ஓட்டத்துக்கு இன்னும் முக்கியமானது. பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்கக் காற்று வரும் வழியையே மூட வேண்டும்; அடைத்த வழியில் காற்றை இழுப்பதற்கே கொஞ்சம் பெட்ரோல் செலவாகிறது. டீசலில் காற்று தடையின்றி உள்ளே போகும், குறைப்பது எரிபொருளை மட்டுமே. அதனால் நெரிசலில் ஊர்ந்தாலும் சிக்னலில் நின்றாலும் டீசல் கார் குறைவாகவே குடிக்கும். நெடுஞ்சாலையில் இன்ஜின் நன்றாக உழைக்கும்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். டீசல் என்றால் ஹைவேக்குத்தான் லாபம் என்று பலர் சொல்வார்கள். மைலேஜில் அதன் சாதகம் உண்மையில் ஊருக்குள்தான் அதிகம். லிட்டர் என்ற அளவும் டீசலுக்குக் கொஞ்சம் சலுகை தருகிறது. டீசல் அடர்த்தியானது, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது.

வரிசை உற்பத்திக்கு வந்த முதல் டீசல் கார்களில் புகழ்பெற்றது 1936இல் மெர்சிடஸ் பென்ஸ் வெளியிட்ட 260 டி. 2.6 லிட்டர் இன்ஜின், 45 குதிரைத்திறன். அதை விரும்பி வாங்கியவர்களில் டாக்ஸிக்காரர்கள் முக்கியமானவர்கள். இந்தியாவிலும் கதை அதே இடத்தில்தான் தொடங்கியது.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அரசு பெட்ரோல் விலையைக் கடுமையாக ஏற்றியது. டீசலை அந்த அளவுக்குத் தொடவில்லை. டீசல் பேருந்துக்கும் லாரிக்கும் பம்புசெட்டுக்கும் உரியது, அதன் விலை ஏறினால் அரிசி விலையும் ஏறும் என்பது அரசின் கணக்கு. பெட்ரோலோ, கார் வைத்திருப்பவரின் செலவாகக் கருதப்பட்டது. கார் ஒன்று டீசலில் ஓடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அப்படி ஓடிய முதல் இந்தியக் கார் அம்பாசிடர். 1489 சிசி கொள்ளளவும் 37 குதிரைத்திறனும் கொண்ட பிரிட்டிஷ் வடிவமைப்பு இன்ஜின், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உடம்பை இழுத்தது. மேட்டில் முந்திச் செல்வதெல்லாம் அதனால் ஆகாது. ஆனால் கார் ஸ்டாண்டில் அதற்கு மதிப்பு இருந்தது. கம்பெனி இன்ஜின் போதாதவர்கள் பழைய பெட்ரோல் அம்பாசிடரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மேட்டடோர் வேனின் டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த மாற்று வேலையில் கை தேர்ந்த பட்டறைகள் இருந்தன.

வாடகைக் காரின் வருமானம் கிலோமீட்டர் கணக்கில். டிரைவர் பேட்டாவை வாடிக்கையாளர் தனியே தருவார். டீசல் செலவு உரிமையாளருடையது. ஆகவே லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் அது நேராக உரிமையாளரின் பைக்குப் போகும். மைலேஜை அளப்பது ஒரு வழக்கமாக உருவானது இங்கேதான். காட்சியறையின் விளம்பரத் தாளுக்கு அது பின்னால்தான் வந்தது.

அளக்கும் முறை ஃபுல் டேங்க் முறை. டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பி, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுப்பார்கள். பெட்ரோல் வண்டிக்கு மெக்கானிக் ஒரு பாட்டிலில் அளந்த பெட்ரோலைத் தொங்கவிட்டு, தீரும்வரை ஓட்டிப் பார்க்கலாம். டீசலில் அது ஆகாது. டேங்க் வறண்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்றாமல் இன்ஜின் கிளம்பாது. நிரப்பும்போதும் டீசலுக்கு ஒரு குணம் உண்டு: நுரைக்கும். நுரை எழும்பிக் குழாய் முனையைத் தொட்டவுடன் பம்ப் தானாக நின்றுவிடும், டேங்க்கில் இன்னும் இடம் இருந்தாலும். விவரம் தெரிந்தவர்கள் மெதுவாகப் பிடிக்கச் சொல்லி, காரை அசைத்து நுரையை அடக்கி, மறுபடி பிடிப்பார்கள். ஒரு முறை கழுத்துவரையும் மறுமுறை முதல் நிறுத்தத்தோடும் நிரப்பினால் கணக்கில் இரண்டு மூன்று கிலோமீட்டர் சுலபமாகப் பொய்யாகிவிடும். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் போடச் சொல்லும் சொந்தக் கார்க்காரருக்கு இந்தக் கணக்கே வாய்ப்பதில்லை. அவர் சொல்லும் மைலேஜ் பெரும்பாலும் ஒரு நல்ல பயணத்தின் நினைவு.

மைலேஜின் சூட்சுமம் இன்ஜினின் டீசல் பம்ப்பில் இருந்தது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு எவ்வளவு டீசல், எந்த நொடியில் போக வேண்டும் என்பதை அன்று இயந்திரப் பம்ப்தான் அளந்தது. பாஷ் குழுமத்தைச் சேர்ந்த பெங்களூர் மைக்கோ நிறுவனத்தின் பெயர் தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் பம்ப்புக்கே பெயரானது. பம்ப்பின் திருகைத் திறந்துவிட்டால் பிக்அப் கூடும், கரும்புகை வரும், மைலேஜ் விழும். இறுக்கினால் மைலேஜ் வரும், மேட்டில் வண்டி முக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தைத் தேடுவதே நல்ல பம்ப் மெக்கானிக்கின் தொழில். ஓட்டுநர்களுக்கும் தனி வழிகள் இருந்தன. ஐம்பது அறுபதிலேயே சீராக ஓட்டுவது பலன் தந்த வழி. மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குவது, ஆபத்தான வழி: கியரில் இறங்கும்போது கிடைக்கும் இன்ஜின் பிடிப்பு அப்போது இல்லை. பவர் பிரேக் வந்த பின், இன்ஜின் நின்றால் பிரேக்குக்கான உதவியும் நின்றது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கினால் பம்ப்பின் கவர்னர் டீசலை நிறுத்திவிடும் என்பதால், செங்குத்தான இறக்கத்தில் இந்தத் தந்திரத்தால் மிச்சமும் இல்லை.

1990களில் டீசல், டாக்ஸி ஸ்டாண்டைத் தாண்டியது. 1994இல் டாடா சுமோ வந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிரீமியர், இத்தாலிய வடிவமைப்பு டீசல் இன்ஜினோடு ஒரு காரை விற்றது; மாருதி தன் ஜென், எஸ்டீம் கார்களில் பிரெஞ்சு பெஜோ நிறுவனத்தின் 1.5 லிட்டர் இன்ஜினை வைத்தது. 1998 டிசம்பரில் வெளியான டாடா இண்டிகா, 1405 சிசி டீசல் இன்ஜினைச் சிறிய கார் விலைக்குக் கொண்டுவந்தது. சத்தம், அதிர்வு, ஆரம்பக் காலக் கோளாறுகள் எல்லாம் இருந்தும் அது விற்றது. அடுத்த பத்தாண்டில் சென்னையின் கால் டாக்ஸி என்றாலே பெரும்பாலும் இண்டிகாதான்.

அதற்குள் டீசல் இன்ஜினே மாறிவிட்டது. காமன் ரயில் முறையில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் தயாராக நிற்கும். எப்போது, எவ்வளவு என்பதைக் கணினி முடிவு செய்யும். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் இதை முதலில் கொண்டுவந்தது. இந்தியாவில் 2002இல், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஆக்சென்ட் அதைப் பெற்றது. 2007இல் மாருதி ஸ்விஃப்டில் வந்த ஃபியட்டின் 1248 சிசி இன்ஜின் இவை எல்லாவற்றையும் விஞ்சியது. மாருதி, டாடா, ஃபியட் என ஒன்றுக்கொன்று போட்டியான நிறுவனங்களின் கார்களில் ஒரே இன்ஜின் ஓடியதால், கார் இதழ்கள் அதைக் கேலியும் பாராட்டுமாக இந்தியாவின் தேசிய இன்ஜின் என்றன. 75 குதிரைத்திறன் வடிவத்தில் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ விழிக்காது; நெரிசலில் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டும். எரிபொருளைக் கணினியே அளந்ததால், திருகைத் திருப்பி மைலேஜ் வரவழைக்கும் பம்ப் மெக்கானிக்கின் தொழில் புதிய கார்களில் ஏறக்குறைய முடிந்துபோனது.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது சான்றிதழ் மைலேஜ். புனேயில் 1966 முதல் இயங்கும் ஆராய் என்ற வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் சோதனை எண், கார் விளம்பரங்களின் தலைப்பானது. ஸ்விஃப்ட் டீசலுக்கு 2011இல் 22.9, 2014இல் 25.2, 2018இல் 28.4 என்று எண் ஏறியது. அடிப்படை இன்ஜின் அதே 1248 சிசி. கார் இலகுவானதும், கணினியின் கட்டளைகள் திருத்தப்பட்டதும் உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் அன்றாட ஓட்டத்தில் 15 முதல் 20 வரைதான் வருகிறது என்று உரிமையாளர்கள் பலர் குறைபட்டார்கள். சோதனையில் மோசடி இல்லாமலேயே இந்த இடைவெளி வரும். பழைய ஐரோப்பியச் சோதனையை இந்தியாவுக்குத் தக மாற்றிய அது 1,180 நொடியும் சுமார் 10.6 கிலோமீட்டரும் கொண்டது. சுழலும் உருளைகள் மேல் கார் ஓடும். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதுவும் சில நொடிகள் மட்டும். ஏசி ஓடாது. ஏற்றம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டைகளும் இல்லை. சென்னையின் மே மாதத்தில் ஏசி இல்லாமல் யாரும் கார் ஓட்டுவதில்லை.

சாலையும் மாறியிருந்தது. தங்க நாற்கரச் சாலைகள் வருவதற்கு முன், இருவழிச் சாலையில் அறுபதைத் தாண்டி நெடுநேரம் ஓட்ட முடியாது. நான்கு வழிச் சாலையில் நூறு சாதாரணமானது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், எழுபதில் போவதைவிட நூறில் போகும்போது அந்த எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நல்ல சாலை வந்ததும் மைலேஜ் கூட வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தது இதனால்தான். சாலை மிச்சப்படுத்திக் கொடுத்ததை வேகம் எடுத்துக்கொண்டது.

இவற்றுக்கிடையே ரூபாய்க் கணக்கு தன் உச்சத்துக்குப் போயிற்று. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, டீசலுக்கு நீடித்தது. 2012 மே இறுதியில் டெல்லியில் பெட்ரோல் 73.18 ரூபாய், டீசல் 40.91 ரூபாய். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரையும் 18 ஓடும் அதே காரின் டீசல் வடிவத்தையும் எடுத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஆகும் செலவு முறையே சுமார் 5.23 ரூபாயும் 2.27 ரூபாயும். டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் 34,000 கிலோமீட்டருக்குள் திரும்பிவிடும். அந்த மூன்று ரூபாய் வித்தியாசத்தில் இன்ஜினின் பங்கு பாதியைவிடக் குறைவு, மீதி அரசின் விலைக் கொள்கை. 2012-13இல் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல். விவசாயிக்கும் பேருந்துக்கும் என்று விலை குறைத்த எரிபொருள் சொகுசுக் கார்களுக்குப் போகிறது என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. 2010இலேயே கிரித் பாரிக் தலைமையிலான குழு, டீசல் கார்களுக்குச் சுமார் 80,000 ரூபாய் கூடுதல் கலால் வரி விதிக்கச் சொல்லியிருந்தது. அரசு அதைவிட மெதுவான வழியைத் தேர்ந்தது: 2013 ஜனவரி முதல் மாதந்தோறும் லிட்டருக்கு ஏறக்குறைய ஐம்பது பைசா ஏற்றம். 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது.

அடுத்த அடி புகையிலிருந்து வந்தது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் பயன்படுத்தியது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அங்கே 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் கார்களின் பதிவைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதிகள் அமலாயின. டீசல் காருக்குப் புகைக்கரி வடிகட்டி வேண்டியதாயிற்று. சிறிய காரின் விலையில் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழித்து எரிக்க வேண்டும். அதற்கு நீண்ட, சூடான ஓட்டம் தேவை. மைலேஜில் டீசல் அதிகம் மிச்சப்படுத்திய நெரிசல் ஓட்டமே இப்போது வடிகட்டியை அடைக்கும் ஓட்டமாகிவிட்டது. மாருதி டீசலைக் கைவிட்டது. தேசிய இன்ஜினின் இந்திய உற்பத்தியும் நின்றது.

அதே 2020 ஜூன் 24 அன்று டெல்லியில் பெட்ரோல் 79.76 ரூபாய்க்கும் டீசல் 79.88 ரூபாய்க்கும் விற்றன. தலைநகரில் டீசல் பெட்ரோலை முந்தியது அதுவே முதல் முறை. பழைய 14, 18 கணக்கில் கிலோமீட்டருக்கு மிச்சம் 1.26 ரூபாயாகச் சுருங்கியது. ஒரு லட்சத்தைத் திருப்ப ஏறக்குறைய 79,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் ஓடும் குடும்பத்துக்கு அது எட்டு ஆண்டு. டீசல் இன்று பெரிய எஸ்யூவிகளிலும் இன்னோவா கிரிஸ்டா போன்ற நீண்ட தூர வாடகை வண்டிகளிலும் நிலைத்திருக்கிறது. நகர டாக்ஸிகளில் பெரும்பகுதி சிஎன்ஜிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே மைலேஜ் கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணப்படுகிறது.