கறுப்புக் குழாயும் பாட்டியின் பெயரும்

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் வளர்ந்த எனக்குக் குழாய் என்றால் கறுப்பு பாலிபைப்தான். மலையோடையிலிருந்து காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் அதில்தான் இறங்கும். நீளம் போதாவிட்டால் அப்பா இன்னொரு துண்டைக் கொண்டுவந்து முனையைப் பொருத்திக் கம்பியால் இறுக்குவார். அந்தப் பக்கம் இருப்பது முட்டைக்கோஸ் பாத்தியா தக்காளிப் பாத்தியா என்று குழாய் கேட்காது.

1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக் குழாய்களைப் போல நிரல்களையும் ஒன்றோடொன்று பொருத்த வழி வேண்டும் என்றார். அதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் கைகள்தான் கண்ணில் நின்றன. அந்த ஆசை நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1973இல் கென் தாம்சன் ஒரே இரவில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்குள் அந்தக் குழாயைப் பதித்தார். ஒரு நிரல் கக்குவதை அடுத்தது குடிக்கும். இடையில் போடும் நேர்கோடுதான் இணைப்பு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அந்த நேர்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டது.

யூனிக்ஸ் ஆணைகள் ஏன் எல்-எஸ், சி-பி, எம்-வி என்று இவ்வளவு குட்டையாக இருக்கின்றன? அன்று திரை இல்லை. டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம்தான் இருந்தது. மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும், விசைகளும் கனம். வேலை சரியாக முடிந்தால் ஆணை ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் அந்தக் காலத்துக்குப் பொருந்திய பழக்கம். எனக்கு இது புத்தக அறிவு மட்டுமல்ல. கோலாலம்பூர் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தால், மழை நாளில் எங்கள் வீட்டில் இணையம் மெதுவாகிப் படம் எதுவும் திரைக்கு வராது. ஆனால் கறுப்புத் திரையில் எழுத்து வரும். டேப் விசையைத் தட்டிப் பெயரை நிரப்பிக்கொள்வதும், கண்ட்ரோலும் ஆரும் அழுத்திப் பழைய ஆணையைத் தேடி எடுப்பதும் அங்கேதான் என் விரலில் ஏறின.

எங்கள் கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைத் தோட்டங்களில் காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கு, மாலையில் தராசு. யார் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று கிராணி என்ற எழுத்தர் எழுதுவார். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் வீட்டில் வைத்திருந்த பழைய குறிப்பேடுகளைக் கொடுத்தார். இரண்டு மாதம் உட்கார்ந்து, அவர் எழுதியபடியே தட்டச்சு செய்தேன். வரிக்கு ஒரு தேதி, ஒரு பெயர், ஓர் எடை.

கொழுந்து எடுத்த என் பாட்டியின் பெயர் லெட்சுமி. தட்டச்சு செய்ததில் அவரைத் தேடினால் பாதி மாதங்களைக் காணோம். காரணம் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது அதே பெயர் ஒரு மாதம் லெட்சுமி, ஒரு மாதம் லெச்சுமி, இன்னொரு மாதம் லட்சிமி. அங்கேதான் கிரெப் என்ற ஆணை கைகொடுத்தது. ‘ஈடி’ என்ற பழைய எடிட்டரில், எல்லா வரியிலும் ஒரு வடிவத்தைத் தேடி அச்சிடச் சொல்லும் ஆணையின் எழுத்துகளே அதற்குப் பெயராயின. அதை எழுதியவரும் தாம்சன்தான். எல்லில் தொடங்கு, நடுவில் எதுவும் வரட்டும், பிறகு சி, எச், ஏதோ ஓர் எழுத்து, எம் என்று வடிவத்தைக் கொடுத்தேன். கிடைத்த வரிகளைக் குழாய் வழியாக ஸார்ட் என்ற ஆணைக்கு அனுப்பித் தேதி வாரியாக அடுக்கினேன். ஒரே வரி ஆணை. கண் இமைப்பதற்குள் முடிந்தது.

அன்று மாலை பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். எடைகளை அவர் பெரிதாகக் கேட்கவில்லை. பெயர்களில் நிறுத்தினார்.

“லெச்சுமி, லட்சிமி... அப்போ மூணு பேரும் நான்தானா?”

“நீங்கதான் பாட்டி.”

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.