விற்கப்பட்ட கிழவியும் மீட்கப்பட்ட மீனவப் பெண்ணும்

1759இல் வெளிவந்த வால்டேரின் ‘காந்தீத்’ என்னும் அங்கத நாவலில், பெயர்கூட இடப்படாமல் ‘கிழவி’ என்றே வழங்கப்படும் பாத்திரம் தன் வரலாற்றை 11, 12ஆம் அத்தியாயங்களில் சொல்கிறது. போப் பத்தாம் அர்பனுக்கும் பாலஸ்திரினா இளவரசிக்கும் பிறந்த அவள், தாயோடு கடற்பயணம் சென்றபோது சாலே நகரக் கொள்ளையரிடம் சிக்கி, மொராக்கோவுக்கும் பின்னர் அல்ஜியர்ஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டு, தூனிஸ், திரிப்போலி, அலெக்சாந்திரியா, ஸ்மிர்னா, கான்ஸ்தாந்திநோபிள் என ஊர் ஊராக விற்கப்பட்டவள். அர்பன் என்ற பெயர் கொண்ட போப்புகளின் வரிசை எட்டாமவரோடு 1644இல் முடிந்துவிட்டதால் தந்தை கற்பனையே. அவள் விற்கப்பட்ட சந்தைகளோ கற்பனையல்ல.

சாலே, மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் பூ ரெக்ரெக் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள துறைமுகம். கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களான மோரிஸ்கோக்களை ஸ்பெயின் 1609 முதல் நாடுகடத்தியபோது, அவர்களுள் ஒரு பகுதியினர் இங்குக் குடியேறி, 1627 அளவில் தனிக் குடியரசே நிறுவிக் கடற்கொள்ளையைத் தொழிலாக வளர்த்தனர். கிறித்தவர் பக்கத்திலும் இதே தொழில் நடந்தது: மால்ட்டாவின் வீரத்துறவியர் முஸ்லிம்களைப் பிடித்து விற்றனர். கொள்ளையர் தன் உடலைச் சோதித்த முறையைச் சொல்லும் கிழவி, மால்ட்டாவினரும் அதில் குறைவைப்பதில்லை என்று சேர்த்துக்கொள்வது வால்டேரின் நடுநிலைமை.

ஆண்டுக்கணக்கில் மட்டும் அவளை நம்ப முடியாது. அவள் மொராக்கோவில் காணும் வாரிசுப் போர்கள் சுல்தான் மவுலாய் இஸ்மாயில் 1727இல் இறந்தபின் மூண்டவை. அதற்குப் பின்னர் அவள் அகப்படும் அசோவ் கோட்டை முற்றுகையோ, ருஷ்ய மன்னர் மகா பீட்டர் அக்கோட்டையைப் பிடித்த 1696ஐச் சேர்ந்தது எனத் தோன்றுகிறது. பசியால் வாடிய ஜானிசாரிகள், அதாவது ஆட்டோமன் சுல்தானின் நிலைப்படையினர், பெண்களின் பிட்டத்தில் ஒரு பக்கத்தை அறுத்துத் தின்னும் அருவருப்பான காட்சி அங்கேதான் நிகழ்கிறது. பீட்டரின் வரலாற்றை அதே ஆண்டுகளில் எழுதிக்கொண்டிருந்த வால்டேர் இம்முரணை அறியாதவராக இருந்திருக்க முடியாது; ஒரே உடலின்மீது பல போர்களை ஏற்றுவதற்காகவே காலத்தை வளைத்தார் எனலாம்.

இந்த அடிமை வணிகத்தில் சிறைப்பட்டவரின் கதியை உடல்வலிமையைவிட மீட்புப்பணமே பெரும்பாலும் தீர்மானித்தது. 1198இல் போப்பின் ஒப்புதல் பெற்ற திரித்துவ சபையின் துறவியர் பணம் திரட்டிக் கைதிகளை மீட்டனர். அல்ஜியர்ஸில் 1575 முதல் ஐந்தாண்டுகள் அடைபட்டிருந்த ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் அவர்கள் வழியாகவே விடுதலை பெற்றார். ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளில் 1627இல் பிடிபட்டு அல்ஜியர்ஸில் விற்கப்பட்ட மீனவர் மனைவி குத்ரீதூர் சிமோனார்தோத்திர், ஏறத்தாழ ஒன்பதாண்டுகளுக்குப் பின் டென்மார்க் அரசின் முயற்சியால் மீட்கப்பட்டார்; மகனை அங்கேயே விட்டுவர நேர்ந்தாலும், ஊர் திரும்பி, பின்னாளில் புகழ்பெற்ற சமயக் கவிஞரான ஹால்கிரீமூர் பியேத்தூர்சனை மணந்து 1682 வரை வாழ்ந்தார். மீனவப் பெண்ணுக்கு வாய்த்த இந்த மீட்பு, நாவலில் போப்பின் மகளுக்கு வாய்க்கவில்லை. எந்தச் சபையும் எந்த அரசும் அவளுக்காகக் காசு அனுப்பாததால், ருஷ்யப் பிரபு ஒருவரிடம் அடிமையாயிருந்து தப்பியபின், ரீகா முதல் ரோட்டர்டாம் வரை சத்திரங்களில் பணிப்பெண்ணாக உழைத்தே அவள் மேற்கே திரும்புகிறாள்.