மூன்று எண் வித்தியாசம்

உப்பையும் மணலையும் பிரிக்கத் தண்ணீர் போதும். யுரேனியம் 235-ஐ 238-லிருந்து பிரிக்க? இரண்டும் ஒரே தனிமம், வேதியியல் கைவிரித்துவிடும். மிச்சமிருப்பது எடை வித்தியாசம்தான். 1943-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் யுரேனிய அயனிகளைக் காந்தப்புலத்தில் ஓடவிட்டார்கள். லேசானது கொஞ்சம் கூடுதலாக வளையும், தனியே பிடித்துக்கொள்ளலாம். செம்புக்குத் தட்டுப்பாடு. காந்தச் சுருள்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடன் வாங்கினார்கள்.

முள் நகராமல் குமிழைத் திருகிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி முடித்த இளம்பெண்கள். எதைப் பிரிக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. அப்புறம்தான் தெரிந்தது.

நானும் திரையில் எண்களைப் பார்த்து வேலை செய்கிறவன்தான். அதனால் கேட்கிறேன்: அங்கே யுரேனியத்தை மட்டுமா பிரித்தார்கள்? வேலையையும் அதன் விளைவையும்கூடத்தான்.