மீட்பு என்ற சொல்லும் திருவிதாங்கூர் அடிமைகளும்

பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் 'ஸ்வர்ணப் பணயம்' என்று மலையாளத்தில் எழுதிய அடகுக்கடைப் பலகை கண்ணில் படும். சற்று நடந்தால் கிறிஸ்துவை மீட்பர் என்று சொல்லும் சபைப் பலகை. வியாபார விஷயமாகக் களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பல வருஷம் போய்வந்தவன் நான். இந்த இரண்டு பலகைக்கும் சம்பந்தம் உண்டு என்று ரொம்ப நாள் எனக்குத் தோணவே இல்லை.

அடகு வைத்த நகையைக் கடன் கட்டித் திரும்ப எடுப்பதை 'மீட்பது' என்கிறோம். ஒற்றி வைத்த நிலத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். கிறிஸ்தவர்கள் இரட்சிப்பு, மீட்பு என்ற இரு சொற்களையும் வழங்குகிறார்கள். இரட்சிப்பு வடசொல், காப்பாற்றுதல் என்று பொருள். மீட்பு என்பது நம்ம தமிழ்ச்சொல். அதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. பொருள் பிறர் கைக்குப் போயிருக்க வேண்டும், அதற்கு விலை கொடுக்க வேண்டும், பொருள் திரும்ப வரவேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த எல்லைக் கிராமங்களில் இச்சொல்லைக் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

மனிதரே ஒற்றிப் பொருள்

1836-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864 பேர். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். புலையர், பறையர் முதலான உழைக்கும் மக்கள்தான் இவர்கள். நிலத்தைப் போலவே இவர்களையும் விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். சர்க்காரிடமே அடிமைகள் இருந்தார்கள். 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்தைத் தடுத்து விளம்பரம் செய்தார். ஆனால் நிலத்தோடு சேர்ந்த உழவடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. பெரும்பாலானவர்கள் உழவடிமைகள்தானே! ஆக நிலைமை மாறவில்லை.

இந்த மக்களிடம்தான் லண்டன் மிஷன் சங்கத்தார் வந்தார்கள். 1806-இல் ரிங்கல்தௌபே வந்தார். மயிலாடியில் அவருக்குத் துணை நின்றவர் வேதமாணிக்கம் என்ற நம் ஊர்க்காரர். பிறகு நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று மிஷன் மேற்கே பரவியது. 1837 முதல் 22 ஆண்டுகள் திருவிதாங்கூரில் இருந்த ஜான் ஆப்ஸ் பாறசாலையில் தங்கி ஊழியம் செய்தவர். தம் அனுபவங்களை 1870-இல் நூலாகவும் வெளியிட்டார். தானே ஒற்றிப் பொருளாக இருக்கும் ஒருவன், "உன்னை விலை கொடுத்து மீட்டிருக்கிறார்" என்று கேட்டால் அவனுக்கு அது தத்துவமா? அன்றாட வாழ்க்கை இல்லீங்களா?

ரேந்தை பின்னிய சிறுமிகள்

இதற்கு நான் கண்ட மிக நல்ல சாட்சி நாகர்கோவிலில் இருக்கிறது. அங்கே மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கான பள்ளி நடத்தினார். 1821 வாக்கில் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை என்பார்களே, அதுதான். தலையணைமேல் நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. அந்தப் பள்ளியில் அடிமைச் சிறுமிகளும் இருந்தார்கள். பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்து, எஜமானுக்கு விலை கொடுத்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் அவர்களில் உண்டு.

1847-இல் மிஷனரிமார் கூடி அடிமை ஒழிப்புக்காக மகாராஜாவிடம் மனுக் கொடுத்தார்கள். கம்பெனி ஆட்சிப் பகுதியில் 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. 1853-இல் சர்க்கார் அடிமைகளின் பிள்ளைகளுக்கும், 1855-இல் சர்க்கார் அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை கிடைத்தது. தனியார் அடிமைகள் மீதான உரிமையையும் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்றானது.

ஒரு சமணனின் சந்தேகம்

இங்கே என் மனசில் உள்ளதைச் சொல்லவேண்டும். நான் சமணன். மார்த்தாண்டம் அருகே சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டில் எங்கள் முனிவர்கள் இருந்தார்கள். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களை இன்றும் பார்க்கலாம். தீர்த்தங்கரர் வழி காட்டுவார். நம் வினையை நாம்தான் கழிக்கவேண்டும். ஒருவர் கடனை இன்னொருவர் அடைப்பது எங்கள் கணக்கில் கிடையாது. அதனால் மீட்பர் என்ற எண்ணம் எனக்கு நெடுநாள் ஒட்டவில்லை.

அடிமை வரலாற்றைப் படித்தபோதுதான் யோசித்தேன். அடகுக்கடைப் பெட்டிக்குள் இருக்கும் நகை தானாக எழுந்து வீட்டுக்கு வராது. வெளியிலிருந்து ஒரு கை நீளவேண்டும். கிறிஸ்தவர் சொல்வது இதைத்தான். ஆனால் அந்தச் சிறுமிகளைப் பாருங்க. நூலும் கட்டையும் வெளியிலிருந்து வந்த கை கொடுத்தது. விலையைக் கட்டியது அவர்களுடைய விரல்கள். இரண்டு சமயமும் சொல்வது பொய்யில்லை என்று அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பாக்கி

விடுதலை ஆனதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நெய்யாற்றின்கரை தாலுகா வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, பொது வழியில் போகும் உரிமைக்காக 1893-இல் வில்வண்டி ஓட்டவேண்டி வந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் அவர் போராடினார். சபைக்குள்ளும் சாதி புகுந்துகொண்டது. 1950-இல் வந்த பட்டியல் சாதி ஆணையில் பிறகு 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவரான தலித் மக்கள் சேர்க்கப்படவில்லை. கணக்கில் இன்னும் பாக்கி இருக்கிறது.

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை பிரிந்தது. கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டானது. எல்லை பிரிந்தாலும் மீட்கப்பட்டவர்களின் வரலாறு ஒன்றுதான்.

இந்தப் பகுதியில் பூர்விக வீடு உள்ள அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் பழைய ஒற்றி ஓலைகள் இருந்தால் குப்பையென்று எரித்துவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நிலத்தின் அளவோடு சேர்த்து மனிதர்களையும் அதில் எழுதியிருக்கக் கூடும். அந்தப் பெயர்களையாவது நாம் மீட்கலாம்.