திட்டச் சூழல் (ஜூலியா)

ஜூலியா நிரலாக்க மொழியில் திட்டச் சூழல் என்பது, ஒரு நிரல் எந்தெந்தப் பொதிகளை எந்தப் பதிப்புகளில் பயன்படுத்த வேண்டும் என்பதை வரையறுக்கும் கோப்புகளின் தொகுப்பு ஆகும். நிரலோ குறிப்பேடோ இயங்கத் தொடங்கும்போது அதற்குரிய சூழலைத் தேடிக் கண்டறிந்து செயற்படுத்தும் வசதி, 2018 ஆகத்து மாதம் வெளியான ஜூலியா 1.0 பதிப்பு முதலே இம்மொழியில் உள்ளது.

தேவை

ஒரே கணினியில் உள்ள இரு திட்டங்களுக்கு ஒரே பொதியின் வெவ்வேறு பதிப்புகள் தேவைப்படலாம். எடுத்துக்காட்டாக, ஒன்று டேட்டாஃபிரேம்ஸ் பொதியின் 0.22 பதிப்பையும் மற்றொன்று 1.0 பதிப்பையும் வேண்டலாம். அனைத்தையும் ஒரே பொதுச் சூழலில் நிறுவினால், ஒன்றுக்காகச் செய்யும் மாற்றம் மற்றொன்றைப் பழுதாக்கக்கூடும். அறிவியல் கணிப்புகளில் பழைய முடிவை மீண்டும் பெறுவதற்கும் அதே பதிப்புகள் தேவை.

கோப்புகள்

ஒரு சூழல் இரு கோப்புகளால் ஆனது. புராஜெக்ட் கோப்பு, திட்டம் நேரடியாகப் பயன்படுத்தும் பொதிகளின் பெயர்களையும் அவற்றின் தனி அடையாளங்களையும் கொண்டிருக்கும். மானிஃபெஸ்ட் கோப்பு, மறைமுகமாகத் தேவைப்படும் பொதிகள் உட்பட அனைத்தின் துல்லியமான பதிப்புகளையும் பதிவு செய்யும்.

தேடும் முறை

கட்டளைவரியில் புராஜெக்ட் என்னும் தெரிவை மதிப்பு ஏதுமின்றி வழங்கினால், நடப்பு அடைவில் புராஜெக்ட் கோப்பு உள்ளதா என ஜூலியா பார்க்கும். இல்லையெனில் ஒவ்வொரு மேல் அடைவாகத் தேடிச் செல்லும். பயனரின் இல்ல அடைவையோ கோப்பு முறைமையின் வேரையோ அடைந்ததும் தேடல் நின்றுவிடும். கோப்பு கிடைக்காவிட்டால் பொதுச் சூழலே பயன்படும்.

இத்தேடல் நிரல் இருக்கும் அடைவிலிருந்து தொடங்குவதில்லை. பயனர் கட்டளையிடும் அடைவிலிருந்தே தொடங்குகிறது. எனவே வேறோர் அடைவிலிருந்து இயக்கினால் அதே நிரல் வேறு சூழலில் இயங்கக்கூடும். இதைத் தவிர்க்க, நிரலின் முதல் வரிகளிலேயே அது இருக்கும் அடைவைச் சுட்டிச் சூழலைச் செயற்படுத்துவது உண்டு.

குறிப்பேடுகள்

ஜுபிட்டர் குறிப்பேடுகளில் ஜூலியாவை இயக்கும் ஐஜூலியா பொதி, இயல்பாகவே இத்தேடலை மேற்கொள்ளும். வழக்கமாகக் குறிப்பேடு இருக்கும் அடைவே நடப்பு அடைவாக அமைவதால், உரிய சூழல் தானாகவே கிடைத்துவிடும். புளூட்டோ குறிப்பேடு வேறு வழியைப் பின்பற்றுகிறது. 2021இல் வெளியான 0.15 பதிப்பு முதல், அது மேற்கூறிய இரு கோப்புகளின் உள்ளடக்கத்தையும் குறிப்பேட்டுக் கோப்புக்குள்ளேயே சேமிக்கிறது. ஆகவே ஒரு கோப்பை மட்டும் அனுப்பினாலும் சூழலும் உடன் செல்லும்.

வரம்புகள்

சூழலைச் செயற்படுத்துவதும் பொதிகளை நிறுவுவதும் வெவ்வேறு செயல்கள். புதிய கணினியில், பதிவான பதிப்புகளை நிறுவ இன்ஸ்டான்சியேட் என்னும் கட்டளையைத் தனியே இயக்க வேண்டும். மானிஃபெஸ்ட் கோப்பு இல்லையெனில் பழைய பதிப்புகளே கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மேலும், திட்டச் சூழலில் இல்லாத பொதியை ஜூலியா பொதுச் சூழலிலும் தேடும். புராஜெக்ட் கோப்பில் சேர்க்க மறந்த பொதி எழுதியவரின் கணினியில் இவ்வாறு கிடைத்துவிடுவதால் குறை வெளிப்படாது; பிறர் கணினியில் நிரல் தடைப்படும். வெளியிடும் முன், பொதுச் சூழலைத் தேடல் பாதையிலிருந்து நீக்கிவிட்டு நிரலை இயக்கிப் பார்த்தால் இக்குறையைக் கண்டறியலாம்.